தூக்கிக்கொண்டு போகிறோமே, போதாதா?

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் யாரும் வீட்டுக்குள் இருக்கமாட்டார்கள். திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே பஸ் ஏறிவிடுவார்கள். மற்றவர்கள் ஆறு மணிக்கு முன்னால், மேற்கே மலை தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொள்வார்கள். மொட்டைமாடி, ஏரிக்கரை, மல்லாட்டைக் கொல்லை வரப்பு, எதுவானாலும் சரி. 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் தோன்றியதும் “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்று குரல் எழும், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், வீட்டுக்குத் திரும்பி அகல் ஏற்றுவார்கள். இதற்கு டிக்கெட் கிடையாது, சிபாரிசு வேண்டாம், முதல் வரிசை கடைசி வரிசை என்ற பேச்சே இல்லை. நம் நாட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கிற காட்சிகளில் இது ஒன்று என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு பூங்காவின் வாசலில் போயிற்று.

என்னோடு ஐந்தாம் வகுப்பிலிருந்து படித்த நண்பன் ஒருவன். இரண்டு வயதில் போலியோ கண்டு, ஒரு கால் சூம்பிப் போயிற்று. இப்போது தையற்கடை வைத்திருக்கிறான். கக்கத்தில் கட்டை ஊன்றி நடப்பான். தூரமாகப் போகவேண்டுமென்றால் பின்னால் இரண்டு சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு தீபத்தன்று இருவரும் ஓர் ஊருக்குப் போனோம். அங்கே மேட்டின்மேல் புதிதாகப் பூங்கா கட்டியிருக்கிறார்கள், மலை நன்றாகத் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் குற்றவாளிகள் என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

பூங்காவின் வாசலில் மாடும் மோட்டார் சைக்கிளும் நுழையாதபடி, ஓர் ஆள் மட்டும் உடம்பை வளைத்துப் புகுகிற இரும்புத் தடுப்பு. ஸ்கூட்டரை வெளியே நிறுத்திவிட்டு, கட்டைகளை முதலில் உள்ளே அனுப்பி, பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் தத்தித் தத்தி உள்ளே வந்தான். அதற்குள் அவன் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. உள்ளே மேட்டுக்குப் போக ஏழெட்டுப் படி. படிக்குப் பக்கத்திலேயே சிமெண்டுப் பூச்சில் ஒரு சரிவுப் பாதை. இரண்டு பக்கமும் பளபளக்கும் எவர்சில்வர் கைப்பிடி. சக்கர நாற்காலிப் படம் வரைந்த ஒரு பலகை.

“பாத்தியா, உனக்குன்னே போட்டு வெச்சிருக்காங்க” என்றேன் பெருமையாக, ஏதோ நானே போட்டுவைத்த மாதிரி.

அவன் பதில் சொல்லாமல் கீழே பார்த்தான். முந்தின வாரமெல்லாம் மழை. படியிலிருந்து வழிந்தது, புல்தரையிலிருந்து வழிந்தது, எல்லாம் வந்து சேர்ந்து நிற்கிற இடம் அந்தச் சரிவின் அடிதான். தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட வைக்கவில்லை. கணுக்காலளவு தண்ணீர், தண்ணீருக்கு மேலே சரிவில் பாதி தூரம் வரைக்கும் பச்சைப் பாசி. கட்டையின் நுனியில் இருக்கும் ரப்பர் பூண் பாசியில் வைத்தால் என்னவாகும் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. அவனுக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, தெரியும். படிக்கட்டு மட்டும் காய்ந்து கிடந்தது.

காவல்காரர் நல்ல மனிதர். “தை மாசம் கழிச்சி வாங்க சார். வெயில்ல எல்லாம் காஞ்சிடும்” என்றார்.

“தீபம் தை மாசத்துலயா ஏத்தறாங்க?” என்றான் என் நண்பன்.

அதற்குள் கூட்டத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். “நாங்க தூக்கிக்கிட்டுப் போயிடறோம்ணே” என்றார்கள். நானும் “சரிடா, ரெண்டு நிமிஷந்தானே” என்றேன். அவன் மாட்டேன் என்றான். கெஞ்சினேன், மாட்டேன் என்றான். “நீ போய்ப் பார்த்துட்டு வா. நான் இங்க நிக்கிறேன்” என்றான். நான் போனேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்: நான் போய்ப் பார்த்தேன். அரோகரா கோஷம் எழுந்தபோது கீழே திரும்பினேன். அவன் சுற்றுச்சுவருக்கும் மரத்துக்கும் நடுவில், எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். தீபம் ஏறிவிட்டது என்பது எங்கள் முகத்திலிருந்துதான் அவனுக்குத் தெரிந்தது.

திரும்பும்போது அவன்மேல்தான் எனக்குக் கோபம். இத்தனை வீம்பு எதற்கு, உதவி செய்ய வந்தவர்களை முகத்தில் அடித்த மாதிரி அனுப்பிவிட்டானே என்று. வீட்டு வாசலில் சொன்னான்: “ஏண்டா, அந்தப் பசங்களுக்கு ஒன்னும் கொறை சொல்லல. ஆனா மூட்டையைத் தூக்கறாப்பல நாலு பேர் பாக்க என்னைத் தூக்கிட்டுப் போயி, எறக்கி வெக்கறப்ப எல்லாரும் என்னைப் பாப்பாங்களா, தீபத்தைப் பாப்பாங்களா? எனக்கு அன்னிக்கு மட்டும் சாமி பாக்கணும்னு ஆசை. வேடிக்கைப் பொருளாவணும்னு இல்ல.”

எனக்கு அது உறைக்கச் சில மாதங்கள் ஆயின. கதை எழுதுகிறவன், பிறர் மனசைத் தெரிந்தவன் என்று பெயர் வேறு!

வாசகர்களில் பலர் இப்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பதை நான் ஊகிக்கிறேன். “நம் நாட்டில் இரக்கத்துக்குக் குறைவில்லை, தூக்கிவிட நாலு கை எப்போதும் வரும், மேல்நாட்டில்தான் பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூட ஓடமாட்டார்கள், அதனால் அவர்களுக்குச் சரிவுப் பாதை வேண்டும்.” இந்த வாதத்தை நான் கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறேன், இலக்கியக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சோம்பேறித்தனமான பெருமை வேறொன்று இல்லை. நாலு கை எப்போதும் வராது. வேலைநாள் மத்தியானம் மூன்று மணிக்குப் பூங்காவில் யார் இருக்கிறார்கள்? பெண்ணாக இருந்தால், முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் தூக்க வருவதை “உதவி” என்று ஏற்றுக்கொள்ளச் சொல்வீர்களா? உங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்வீர்களா? தூக்குகிறவனின் சௌகரியத்துக்குக் காத்திருந்துதான் ஒருவன் ஆகாயத்தைப் பார்க்கவேண்டும் என்றால், அவன் பார்ப்பது அவனுடைய ஆகாயம் இல்லை. நாம் இரவல் கொடுத்தது.

சரிவுப் பாதையே போடவில்லை என்பது பழைய குற்றச்சாட்டு. நான் சொல்வது வேறு. இப்போது போடுகிறார்கள், திறப்புவிழா நாளுக்காகப் போடுகிறார்கள். சித்திரை வெயிலில் அளந்து, சித்திரை வெயிலில் பூசி, சித்திரை வெயிலில் ரிப்பன் வெட்டுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதம் இந்த நாட்டில் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. தீபமும் அப்போதுதான், மார்கழி பஜனையும் அப்போதுதான், பள்ளிக்கூடத்தின் அரையாண்டு லீவும் அப்போதுதான். மனிதர் வெளியே வர ஆசைப்படுகிற காலத்தில் மூடிக்கொள்கிற பாதைக்குப் பாதை என்று பெயர் எதற்கு?

சென்னையைப் பாருங்கள். மெரீனாக் கடற்கரையில் மணலைத் தாண்டி அலையருகே போவது சக்கர நாற்காலிக்காரர்களுக்கு நெடுநாள் கனவு. சக்கரம் மணலில் புதையும், அவ்வளவுதான் சங்கதி. சில வருஷங்கள், டிசம்பர் 3-ஆம் தேதி மாற்றுத் திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டார்கள். கடல் வருஷம் முழுதும் இருக்கிறது. அவர்களுக்கு மட்டும் சில நாள். போராடினார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2022 நவம்பர் 27-ஆம் தேதி, ஒரு கோடி ரூபாய்க்குமேல் செலவில், 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தரமான மரப்பாதை திறந்தது. பிறந்ததிலிருந்து சென்னையிலேயே இருந்தும் கடல் தண்ணீரைத் தொடாதவர்கள் தொட்டார்கள். அதைப் பழிக்க என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆனால் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயலில் அலை வந்து பாதையின் கடல்பக்கத்து முனையைப் பெயர்த்துவிட்டது. நிரந்தரம் என்ற சொல்லுக்கு அத்தனை சீக்கிரம் சோதனை வந்தது. ஊரெல்லாம் கேலி பேசியது. நான் கேலி பேசமாட்டேன். புயல் யாரைத்தான் விட்டது? அதைவிட, பெயர்ந்ததைச் செப்பனிட்டு மறுபடி திறந்தார்கள். அந்தச் செப்பனிடுதலை நான் திறப்புவிழாவைவிடப் பெரிய காரியமாக மதிக்கிறேன். பெரிய பட்டணத்தில், பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கடற்கரையில் அது நடந்தது. நம் பக்கத்துப் பேரூராட்சிப் பூங்காக்களில் ஒரு பாசியைத் தேய்க்க எந்தப் பத்திரிகைக்காரர் வருவார்?

குளிர்காலம் என்றால் மேல்நாட்டில் நமக்கு மழை மாதிரி அங்கே பனி. ஸ்வீடன் தேசத்தில் கார்ல்ஸ்கூகா என்று ஓர் ஊர். அங்கேயும் முன்பெல்லாம் கார் போகும் சாலையில்தான் முதலில் பனியை வாரித் தள்ளுவார்களாம். நடைபாதைக்குப் பிறகுதான் வருவார்கள். பிறகு கணக்குப் பார்த்தார்கள். பனியில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் காரில் போகிறவர்கள் அல்ல, நடக்கிறவர்கள். வரிசையை மாற்றினார்கள், நடைபாதை முதலில், சாலை பிறகு. புதிதாக ஒரு யந்திரமும் வாங்கவேண்டியிருக்கவில்லை. யாருக்கு முதலில் என்பதைத்தான் மாற்றினார்கள். அமெரிக்காவில் 1990-ஆம் வருஷத்துச் சட்டத்தை ஒட்டிய விதிகள், சௌகரியத்தைக் கட்டிவைத்தால் மட்டும் போதாது, உபயோகத்தில் இருக்கும்படி பராமரிக்கவும் வேண்டும் என்கின்றன. பழுதுபார்க்கக் கொஞ்ச நாள் நின்றால் குற்றமில்லை; கேட்பாரற்று நின்றால் குற்றம்.

நம்மிடம் சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாக அவர்கள் பங்குகொள்ள சர்க்காரும் உள்ளாட்சிகளும் வழிசெய்யவேண்டும் என்கிறது. பொதுக் கட்டிடம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் வழிபாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் உரியவை சேரும். ஏற்கெனவே உள்ளவற்றை, விதிகள் வெளியான நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் மாற்றவேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. 5 வருஷம் 2022-இல் முடிந்துவிட்டது.

விதிகளின் கதை இன்னும் வேடிக்கை. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி, பொது இடங்கள் தம்மைப் போன்றவர்களுக்கு எட்டவேண்டும் என்று 2005-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2017 டிசம்பரில் ஒரு தீர்ப்பு. 2024 நவம்பர் 8-ஆம் தேதி மற்றொரு தீர்ப்பு. அந்த இரண்டாவது தீர்ப்பில்தான், இந்த விதிகளில் 15-ஆவது விதி “செய்தால் நல்லது” என்கிற தோரணையில் இருக்கிறது, சட்டமோ “செய்தே தீரவேண்டும்” என்கிறது, ஆகவே அந்த விதி சட்டத்துக்கு முரண் என்று கோர்ட் சொல்லிற்று. கட்டாயமானவற்றைத் தனியே பிரித்து மூன்று மாதத்தில் விதியாக்கும்படி உத்தரவிட்டது. ஒரு மனிதர் வழக்குத் தொடுத்து, “கட்டாயம்” என்ற ஒரு சொல்லைப் பெற 19 வருஷம்! அவர் சக்கரத்தில் போகவில்லை. சட்டத்தின் படிகளில் ஏறினார்.

இனி ஆட்சேபங்கள். “எத்தனை பேர் வரப்போகிறார்கள்?” என்று முதல் ஆட்சேபம். 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துச் சொச்சம். நம் ஊர்ப் பூங்காவில் அவர்களில் ஒருவரையும் நாம் பார்ப்பதில்லை என்றால், அவர்கள் இல்லை என்று பொருளா? பாலம் கட்டாத ஆற்றைக் காட்டி, “பாருங்கள், யாரும் கடப்பதில்லை; பாலம் எதற்கு?” என்று கேட்கிற புத்திசாலியை என்ன சொல்வது? அதோடு இது அவர்கள் விவகாரம் மட்டுமா? முழங்கால் வலிக்காரப் பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளும் தாய், கால் முறிந்து கட்டுப்போட்ட காலேஜ் பையன், எல்லாருக்கும் அதே பாசிதான். நமக்கும் எழுபது வயது வரும். நாம் கட்டாமல் விட்ட சரிவு அன்று நமக்காகக் காத்திருக்கும்.

“மழைக்காலத்தில் இவர்கள் வீட்டில் இருக்கலாமே, சறுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது?” என்று இரண்டாவது ஆட்சேபம். இது அக்கறை மாதிரி தொனிக்கும். 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டார்கள். அந்த வருஷம் தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. நியாயமான தடை; உயிர் பெரிது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் எத்தனை மனத்தாங்கல்! “வருஷா வருஷம் ஏறுவேனே, இந்த வருஷம் கொடுத்து வைக்கவில்லையே” என்று டீக்கடையில் எத்தனை பெருமூச்சு! நல்ல கால் உள்ளவர்களுக்கு ஒரு நாள் போட்ட தடை அத்தனை வலித்தது. பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்த என் நண்பன் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான், ஒன்றும் பேசவில்லை. அவனுக்குப் பூங்காவின் ஏழு படிக்கே ஆண்டுதோறும் தடை இருக்கிறது. உத்தரவு போட்ட அதிகாரி மட்டும் யார் என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அது பெரும்பாலும் தார்ச்சாலை. என் நண்பன் சாதாரண நாளில் ஸ்கூட்டரில் அதைச் சுற்றி வந்திருக்கிறான். 14 கிலோமீட்டர் சுற்ற முடிகிறவன் பதினாலு கஜம் ஏற முடியாமல் நிற்கிறான் என்றால் குறை அவன் காலில் இல்லை. ஊனமுற்றவர் என்ற சொல்லை மாற்றி மாற்றுத் திறனாளி என்று சொல்லப் பழகிவிட்டோம், சந்தோஷம். பேரை மாற்றிய வேகத்தில் படியையும் மாற்றியிருக்கலாம்.

“பணம்?” என்று மூன்றாவது ஆட்சேபம். என்ன செலவு, சொல்லுங்கள். சரிவுக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: அரை அடி உயரத்துக்கு ஆறு அடி நீளம். கொத்தனாருக்கு ஒரு தரம் சொன்னால் போதும். அடியில் தண்ணீர் ஓட ஒரு கால்வாய். மேலே வழுவழுப்பு இல்லாமல் சொரசொரப்பாக ஒரு பூச்சு. வாசலில் சக்கர நாற்காலி நுழைகிற அகலத்துக்கு ஒரு கதவு. அதன் சாவி காவல்காரரின் மடியில் இருக்கவேண்டும், பேரூராட்சி ஆபீஸ் பீரோவில் இருக்கக்கூடாது. கக்கூஸுக்கும் அதே விதி. கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஆகவே சரிவின் அருகே எரிகிற விளக்கு ஒன்று. வாரம் இரண்டு நாள் பிளீச்சிங் பவுடரும் தென்னந்துடைப்பமும். திறப்புவிழாப் பந்தலுக்கும் சால்வைகளுக்கும் ஆகிற செலவில் ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிடலாம்.

இந்த யோசனை எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் பக்கம் ஏரிப் பாசன பூமி. மழைக்கு முன்னால் ஏரிக்கரையைப் பார்ப்பதும், மதகைச் சோதிப்பதும், கால்வாயைத் தூர்வாருவதும் ஊராரின் கடமை என்று குடிமராமத்து வைத்திருந்தார்கள் நம் பெரியவர்கள். ஏரி வெட்டியவன் பெயரைவிடக் கரை காத்தவன் உழைப்பில்தான் ஊர் பிழைத்தது. கரையைப் புரட்டாசியில் பார்க்காமல் தை மாதம் பார்க்கிறேன் என்றால் விவசாயி சிரிப்பான். பூங்காவின் சரிவையும் அந்தப் பட்டியலில் சேருங்கள் என்கிறேன். ஐப்பசி பிறப்பதற்குள், ஊரில் கட்டை ஊன்றி நடக்கிற ஒருவரையும், சக்கர நாற்காலியில் போகிற ஒருவரையும், பார்வையில்லாத ஒருவரையும் அழைத்து, வாசலிலிருந்து கடைசிப் பெஞ்சுவரை அவர்கள் போய் வரட்டும். கமிட்டி வேண்டாம், அறிக்கை வேண்டாம். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தைச் சரிசெய்தால் போதும். மழை பெய்த மறுநாள் இன்னொரு தரம் அழைக்கவேண்டும்.

அதிகாரிகளை மட்டும் திட்டி முடிக்க எனக்கு அருகதை இல்லை. அந்தப் பலகையைப் பார்த்துப் பெருமைப்பட்டவன் நான். தண்ணீரைப் பார்க்காதவன் நான். நண்பனை விட்டுவிட்டு மேலே போனவனும் நான்தான். அந்தப் பூங்காவுக்கு அதற்குப் பிறகு ஒரு மனு எழுதினேன், பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். மூன்றாவது மனுவை என் நண்பனே எழுதினான். என் மனுக்களில் இருந்த அலங்காரமெல்லாம் அதில் இல்லை. சரிவின் அடியில் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கிறது என்று தையற்கடை டேப்பால் அளந்து எழுதியிருந்தான்.

உங்கள் ஊரில் அடுத்த மழை பெய்த மறுநாள், குடை எடுத்துக்கொண்டு உங்கள் பூங்காவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். படியில் ஏறாதீர்கள். படம் வரைந்த பலகைக்குப் பக்கத்துச் சரிவில் ஏறிப் பாருங்கள். உங்கள் கால் வழுக்கினால், மனு எழுத என் நண்பனுடைய டேப்பை இரவல் தருகிறேன்.